கை வைக்காத சோதனை

நல்ல டார்ச் எது என்று யார் கேட்டாலும், கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கடையில் எல்லா டார்ச்சும் எரியும். பின்மூடியைக் கழற்றி, மரை தொடங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மெதுவாக எழுந்தால் நல்ல ரப்பர். நகம் பட்டதும் பிசிறு உதிர்ந்தால், முதல் மழையோடு அந்த டார்ச்சின் கதை முடிந்தது.

அதிகாரி ஐயா, நடந்ததை என் கையாலேயே ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். ஆரம்பம் அந்த ரப்பர் வளையம்தான், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில், எழுதுவதை முறையாக எழுது, அடித்துத் திருத்தாதே என்று பழக்கினார்கள். கூடியவரை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் கடை மலையடிவாரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. மலையேறப் போகிறவர்கள், கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள், நிலம் அளப்பவர்கள், காட்டுக் காவலாளிகள் என்று வெயிலிலும் மழையிலும் வேலை செய்கிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. முதுகுப்பை, பூட்ஸ், மடக்குக்கத்தி, தண்ணீர் பாட்டில், கயிறு, கொக்கி என்று கையோடு கொண்டுபோக வேண்டியது எல்லாம் எங்களிடம் இருக்கும். பெயர்ப்பலகையில் கடைப் பெயருக்குக் கீழே 'சோதித்துத் தருகிறோம்' என்று எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை எழுதச் சொன்னது நான். வருகிறவர்கள் என்னை 'டெஸ்ட் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் மனைவி அதையும் விட்டுவைக்க மாட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் மாடியிலேருந்து தூக்கிப் போட்டுப் பாத்திருப்பாரு. எங்கப்பா கூடவே நின்னதால தப்பிச்சேன்" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கடைக்குப் பின்னால் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம் உண்டு. புதுச் சரக்கு எது வந்தாலும் அதில் ஒன்றை எடுத்து அங்கே சோதனையில் போடுவேன். பை என்றால் மணலை நிரப்பி ஆணியில் மாட்டிவிடுவேன். டார்ச் என்றால் எரியவிட்டுத் தண்ணீர் வாளியில் போடுவேன். தேறிய சரக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் அடுக்குவேன். இதில் ஒரே ஒரு விதி. சோதனை தொடங்கிவிட்டால் யாரும் கை வைக்கக் கூடாது. பாவம் பார்த்து நடுவில் எடுத்துவிட்டால், அந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விடும். பிறகு அதை நம்பி ஒருவன் மலைக்குப் போவான்.

இந்த விதி எல்லோருக்கும் பொது. மலைக்குடில்களுக்குப் போடுகிற தாழ்ப்பாள் ஒன்று வந்தபோது அதை எங்கள் சாமான் அறைக் கதவில் மாட்டியிருந்தேன். என் மனைவி ஏதோ எடுக்க உள்ளே போனாள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. நான் திருப்புளியோடு வெளியேதான் இருந்தேன். மாட்டிக்கொண்ட ஒருத்தி பயத்தில் முழுப் பலத்தோடு இழுத்தால் அது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் இழுத்தாள், தட்டினாள், என் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது அவளுடைய தம்பி வந்து, என் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டான். அதன் பிறகு கொஞ்ச நாள் அவள் என்னோடு பேசவில்லை. தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள். இன்றும் அதைத்தான் விற்கிறோம்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

கடைக் கட்டடம் என் மாமனார் விட்டுப்போனது. பாதி என் மனைவிக்கு, பாதி மைத்துனனுக்கு. எனக்கு அதில் ஒரு செங்கல் கிடையாது. நான் அதைக் குறையாக ஒருபோதும் சொன்னதில்லை. மைத்துனன் நன்றாகப் பேசுவான். கடைக்குள் வழி கேட்க வந்தவன்கூட ஒரு பூட்ஸ் வாங்காமல் போகமாட்டான். அவன் பேச்சில் ஆள் வந்தார்கள், என் சோதனையில் ஆள் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் புது டார்ச் வந்தது. பார்வைக்கு நாங்கள் வழக்கமாக விற்கும் டார்ச்சேதான். அதே நிறம், அதே முத்திரை. பின்மூடியைக் கழற்றினேன். ரப்பர் வளையம் இருந்தது. நகம் பட்டதும் உதிர்ந்தது. பக்கத்துப் பெட்டியைப் பிரித்தேன். கொக்கிகளின் வாய் முழுதாய் மூடவில்லை. இடுப்புப் பட்டைகளில் தையல் ஒற்றையாய் ஓடியிருந்தது. அசலைப் பார்த்து அச்சாகச் செய்த மட்டச் சரக்கு. வாங்கி வந்தது அவன்.

"இது சோதனையில நிக்காது மாப்பிள்ளை" என்றேன்.

"சோதனையில எதுக்கு அத்தான் போடறீங்க? போட்டாத்தானே நிக்காது?" என்று அவன் சிரித்தான். "எவன் டார்ச்சைத் தண்ணிக்குள்ள போட்டுப் பாக்கப் போறான்? வாங்கிட்டுப் போய் டிராயர்ல போடுவான். பத்து வருஷம் கழிச்சு அவன் பையன் எடுத்துப் பாத்துட்டு பேட்டரி போச்சும்பான்."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"சோதித்துத் தருகிறோம். வாங்கறவங்க சோதிக்கட்டும், நாம தருவோம்."

என் மனைவி பில் போடும் மேஜையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். "அவனை விடுங்க. நீங்க ஒரு ஷூ லேஸ் விக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அதோட நெய்த விதம் என்ன, நுனி என்னன்னு. அவன் இல்லாட்டி இந்தக் கடை நூலாம்படை அடைஞ்சிருக்கும்."

அந்தச் சரக்கு முன்பக்கத்து அடுக்குகளுக்குப் போனது. என் அலமாரி என் பின்னால் இருந்தது. கேட்டு வாங்குகிறவர்களுக்கு அலமாரியிலிருந்து கொடுப்பேன். கேட்காதவர்களுக்கு அவன் கொடுப்பான். பலகை இரண்டு பேருக்கும் சேர்த்து மேலே தொங்கியது.

சில மாதம் கழித்து ஒரு லைன்மேன் வந்தார். எங்களுடைய பழைய வாடிக்கை. வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கம்பத்தின் பாதியில் இடுப்புப் பட்டையின் பக்கிள் நழுவிவிட்டதாம். கீழே மணல் குவியல் இருந்ததால் கையோடு போயிற்று. சண்டை போட வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பட்டையை மேஜையில் வைத்துவிட்டு, "மாஸ்டர், இது நீங்க பாத்துக் குடுத்ததுதானே?" என்று மட்டும் கேட்டார்.

மைத்துனன் ஓரமாக நின்று என்னைப் பார்த்தான். மனைவியும் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் கடை போயிற்று. ஆமாம் என்று சொன்னால் நான் போனேன்.

"ஆமா" என்றேன்.

"அப்ப நான்தான் சரியா மாட்டலை போல" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஐயா, ஒரு மனிதன் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான் என்பது அவனுக்கே உடனே தெரிவதில்லை. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. கடையை விட்டுப் போகலாம் என்றால், என் வார்த்தை பலகையில் நிற்கும், அவன் அதன் அடியில் உட்கார்ந்து விற்பான். வெளியே சொல்லலாம் என்றால், இத்தனை நாள் நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். வீட்டில் பேசலாம் என்றால், இரவு சாப்பாட்டு மேஜையில் அவனும் உட்கார்ந்திருப்பான். மாடியில் எங்கள் அறைக்கு அடுத்த அறை அவனுடையது. அவன் குறட்டை எங்கள் சுவர் வழியாகக் கேட்கும். நன்றாகத் தூங்குகிறவன்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவன்தான். புதிதாக வந்த கயிறும் கொக்கியும் விற்காமல் கிடந்தன. மலைமேல் தொங்குகிற மாதிரி ஒரு படம் போட்டால் பறந்துவிடும் என்றான். ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிக்குப் போனோம். கல் வெட்டிய காலத்தில் தண்ணீர் தேக்கிவைக்க அங்கே ஒரு குழி வெட்டியிருந்தார்கள். நான்கு பக்கமும் செங்குத்துக் கருங்கல், பிடிமானமே கிடையாது. ஒரு மாடி வீட்டைவிட ஆழம். அடியில் ஒரு பக்கம் முழங்கால் தண்ணீர், மறு பக்கம் சரளை மேடு. விளிம்பில் பழைய இரும்பு முளை ஒன்று கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தது. அசைத்துப் பார்த்தேன். முளை உறுதியாக இருந்தது.

அவன் முதுகில் தன்னுடைய பையை மாட்டியிருந்தான். விற்க வேண்டிய கயிற்றை முளையில் கட்டி, விற்க வேண்டிய கொக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டான். தன் போனை என்னிடம் கொடுத்தான்.

"நல்ல கொக்கியா ஒண்ணு போட்டுக்க வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"ஒரு நிமிஷம் பின்னால சாயறதுக்கு எதுக்கு அத்தான் நல்ல கொக்கி? படத்துல இதுதானே தெரியணும்? எடுங்க, வெயில் மூஞ்சில அடிக்குது."

கொக்கியின் வாய் ஒரு நூல் அளவுக்குத் திறந்து நின்றதைப் போனின் திரையிலேயே பார்த்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் சாய் என்று சொன்னேன். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது.

விழுந்த சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. எட்டிப் பார்த்தபோது சரளையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முளையில் கட்டிய கயிறு குட்டை, அதன் நுனி அவனுக்கு எட்டாத உயரத்தில் தொங்கியது. பை முதுகில் இருந்ததால் தலை தப்பித்தது. முதலில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அப்புறம் மேலே பார்த்துச் சிரித்தான்.

"நான் விழுந்தது படத்துல விழுந்துச்சா அத்தான்?"

"விழுந்துச்சு."

"வாங்கறவன் கண்ணுல காட்டிடாதீங்க. சரி, உங்க கயிறைப் போடுங்க. காலு போச்சுன்னு நினைக்கறேன், வீங்கிட்டே வருது."

என் பையில் நல்ல கயிறு இருந்தது. நான் வெளியே எங்கே போனாலும் கயிறு இல்லாமல் போவதில்லை. பையைத் திறந்து அதில் கை வைத்தேன். அந்த லைன்மேன், அப்ப நான்தான் சரியா மாட்டலை போல என்று சொல்லிக்கொண்டே படியிறங்கியது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"உன் பையில சரக்கு இருக்கில்ல? அதை வச்சுச் சமாளி மாப்பிள்ளை. எது எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஓ, சோதனையா? சரிங்க மாஸ்டர்" என்றான். என்னைக் கேலி செய்வதில் அவனுக்கு எப்போதும் ஒரு உற்சாகம். பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரி மேலே கத்தினான். "டார்ச் எரியுது. இதோ தண்ணிக்குள்ள போறாரு டார்ச். உள்ள போயும் எரியறாரு. பாட்டில் நசுங்கலை, தண்ணி சொட்டலை. போர்வை கிழியலை. கிழிஞ்சது என் காலு மட்டும்தான். போதுமா? கயிறு."

நான் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வெயில் மெல்லக் குழியின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

"அத்தான், புரிஞ்சுது" என்று அவன் குரல் மாறியது. "லைன்மேன் விஷயம்தானே? தப்புதான். ஒத்துக்கறேன். நாளைக்கே அந்தச் சரக்கை மொத்தமா திருப்பி அனுப்பிடறேன். அக்கா மேல சத்தியம்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். நான் நம்பினேன். இதையும் எழுதிவிடுவதுதான் முறை. ஆனால் சோதனை தொடங்கிவிட்டது.

"இன்னும் எதுவும் தோக்கலையே" என்றேன். "ஏதாவது ஒண்ணு தோக்கட்டும். தூக்கிடறேன்."

கீழேயிருந்து, அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத மாதிரி ஒரு குரல் வந்தது.

"எப்படி அத்தான் தோக்கும்? இது உங்க அலமாரிச் சரக்கு. எல்லாத்துக்கும் அடியில வெள்ளைப் பொட்டு இருக்கு. எனக்குன்னு எடுக்கும்போது நான் வேற எங்கேருந்து எடுப்பேன்? என் சரக்கை நானே நம்புவேனா, லூசா நான்?"

ஐயா, இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்த வீட்டில் யார் சொன்னதிலும் அதுதான் முதல். அவன் எனக்குத் தெரியாமல் என் அலமாரியைத் திறந்து, தன் உயிருக்கென்று நான் பொட்டு வைத்ததை எடுத்திருக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கயிற்றைப் போட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். அவனுக்குப் பாடம் புகட்டுவதற்காகத்தான் நான் இதைச் செய்தேன் என்றால், பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். ஆனால் என் சரக்கை நான் எப்போதும் வாளியிலும் ஆணியிலும்தான் சோதித்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு வேறு எதுவுமே இல்லாதபோது, அது அவனை எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒருபோதும் பார்த்ததில்லை. அந்த மாதிரி ஒரு சோதனையை யாரும் திட்டம் போட்டு வைக்க முடியாது.

அவன் விதியைப் பிடித்துக்கொண்டான். ஏதாவது ஒன்று தோற்றால் தூக்குவேன் என்று நான் சொன்னதை அப்படியே நம்பினான். டார்ச்சை எடுத்துக் கருங்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தான். அது எரிந்துகொண்டே இருந்தது. பாட்டிலின் மேல் பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டான். ஒரு சொட்டை விழுந்தது, அவ்வளவுதான். கத்தியைக் கல் இடுக்கில் செருகி, அதில் தொங்கி ஏறப் பார்த்தான். கத்தி வளையவில்லை. கால்தான் அவனைக் கைவிட்டது.

"நீயா உடைச்சா கணக்குல சேராது மாப்பிள்ளை" என்று சொன்னேன். கடையிலும் அப்படித்தான். வாங்கினவர் வேண்டுமென்றே உடைத்ததை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குக் கிளம்பினேன். அவன் போனை அணைத்து வைத்தேன்.

"தம்பி எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அந்தச் சரக்கைத் திருப்பிக் குடுக்கறதைப் பத்திப் பேசப் போயிருக்கான். வரதுக்கு நாளாகும்."

"அவனா? திருப்பிக் குடுக்கவா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிட்டீங்களா?"

"பேசினோம்."

"போன் ஏன் அணைஞ்சிருக்கு?"

"மலைப்பாதையில டவர் இருக்காது."

அன்று அவள் எனக்குச் சூடாகப் பரிமாறினாள். நெடுநாளைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவன் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் கடையை அவளிடம் விட்டுவிட்டுப் போய்வந்தேன். ஏன் சாப்பாடு இறக்கவில்லை என்று கேட்டீர்கள். வெளியிலிருந்து எதையும் சேர்த்தால் சோதனை சோதனையாக இருக்காது. அதோடு இன்னொன்றும் உண்டு. முதல் நாள் தூக்கியிருந்தால் அவன் கோபித்துக்கொண்டு, அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான். அடுத்த நாள் தூக்கினால் நேராக உங்களிடம்தான் வருவான். ஒவ்வொரு நாளும் நான் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். போடவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. குழிக்குள் அவன் ஒருவன்தான் இருந்தான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

விசிலை அவன் பையின் பக்கத்து ஜிப்பில் கண்டுபிடித்தது அதற்குள் எப்போதோ. தகர விசில், உள்ளே உருண்டை கிடையாது. உருண்டை வைத்த விசில் நனைந்தால் ஊமையாகிவிடும், இது ஆகாது. ஊதினால் குவாரிச் சுவரில் பட்டு வெகுதூரம் போகும். நான் வண்டிப் பாதையில் வரும்போதே கேட்டது.

அந்தப் பக்கத்துக் காட்டுக்கு ஒரு காவலாளி உண்டு. வயதானவர், தனி ஆள், மலையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். அவர் சத்தத்தைத் தேடி வந்து பாதையில் என்னை மறித்தார்.

"என்ன மாஸ்டர், உள்ள விசில் சத்தம் விட்டு விட்டுக் கேக்குது? காலையிலேருந்து நானும் பாக்கறேன், எவனாவது எங்கயாவது மாட்டிக்கிட்டானோன்னு வந்தேன்."

"சோதனை நடக்குது" என்றேன். "விசில் சோதனை."

"நம்ம கடைச் சரக்கா?" அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே. அப்ப சரி. யாரு ஊதறது?"

"மைத்துனன்தான்."

எங்கள் பேச்சுக் குரல் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். விசில் நிற்காமல், மூச்சு விடாமல் ஒலித்தது. காவலாளி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். "நாம பேசறது தெரிஞ்சதும் என்னா ஜோரா ஊதறான் பாருங்க. நல்லா தம் கட்டறான் பய. எனக்கும் இப்படி ஒண்ணு வேணும் மாஸ்டர், கடைக்கு வரேன்."

"வாங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. மைத்துனன் அழிக்கப் பார்த்தது இந்த மதிப்பைத்தான் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

நாள் போகப் போக விசில் சத்தத்துக்கு நடுவே இடைவெளி நீண்டது. என்னை 'அத்தான்' என்று கூப்பிடுவதை அவன் நிறுத்திவிட்டான். ஒருமுறை அக்கா என்று கூப்பிட்டான். ஒரு மதியம் போனபோது சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கயிற்றை முளையில் கட்டிக் கீழே இறங்கினேன். போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டு, அப்படியே இருந்தது. மங்கலாக, ஆனால் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. விசில் அவன் பற்களுக்கு நடுவே இருந்தது.

நான் அவனைத் தள்ளவில்லை. அவன் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. கொக்கி மூடவில்லை என்று தெரிந்து சாயச் சொன்னேன், கையில் கயிறு இருந்தும் போடவில்லை, காப்பாற்ற வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். இதற்குப் பெயர் கொலை என்றால் அதைச் செய்தது நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் கொண்டுபோன பொருள்களை மேலே எடுத்துவந்து, கழுவித் துடைத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தேன். அதை மறைப்பதற்காகச் செய்தேன் என்று உங்கள் உதவி அதிகாரி எழுதியிருக்கிறார். அது சரியில்லை. குறையில்லாத பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது.

மிச்சம் உங்களுக்கே தெரியும். நான் கடையில் இல்லாத நேரத்தில் அந்தக் காவலாளி வந்திருக்கிறார். "குவாரியில நாள் கணக்கா ஊதிச்சே, அந்த விசில் ஒண்ணு குடுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். என் மனைவி அலமாரியைத் திறந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, "யாருங்க ஊதினது?" என்று கேட்டிருக்கிறாள். "உங்க தம்பிதாம்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் அதற்குப் பிறகு அதைக் கையைவிட்டு விடவே இல்லையாம். உங்கள் ஆட்கள்தான் விரலைப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது என்றார்கள்.

காவலாளி வெறுங்கையோடு போனது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அந்த விசிலை அவருக்கே கொடுத்துவிடுங்கள் ஐயா. மலையில் தனியாகச் சுற்றுகிற மனிதர். நாளைக்கே எங்காவது ஒரு பள்ளத்தில் விழுந்தாலும், அதை எடுத்து ஊதினால் போதும், காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும் ஓடி வந்துவிடுவார்கள்.